திருத்தொண்டர் புராணத்து மகளிரும் அவர்தம் இச்சையும்

சென்ற ஆண்டு ஓர் ஊர்த் திருக்கோயிலில் திருத்தொண்டர் புராணத் தொடர்விரிவுரை நிகழ்த்தும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. கழற்சிங்க நாயனார் வரலாறு கூறி முடித்த அன்று, முதுகலை பயிலும் மாணவியார் ஒருவர் எழுந்து, "ஐயா, மூக்கும் கையும் இழந்த அத்தேவியார் பின்னர் என்ன ஆயினார்?" என வினவினார். உயிருக்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை என்றும், ஈண்டு நோக்கற்பாலது அரசரது பத்தியின் உறைப்பே என்றும் அடியேன் விடை பகர்ந்தேன். அவையினர் தலையசைத்தனர். அம்மாணவியாரோ, "நான் வினவியது அதுவன்று, ஐயா" என்று மெல்லக் கூறி அமர்ந்தார். இல்லம் மீண்டு நூலை விரித்து நோக்கியபொழுது, அவர் கூறியதே மெய் என்பதும், அடியேன் கூறியது வினாவை மூடுதற்கு இட்ட போர்வையே என்பதும் விளங்கின. இக்கட்டுரை அவ்வினாவிற் பிறந்தது.

பெண்ணியம் எனப் பெயர் பெற்ற ஆராய்ச்சி நெறி, சமய நூல்களை நோக்கி எழுப்பும் வினாக்களுள் தலையாயது, "இச்செயலை அவள் தானே விரும்பி மேற்கொண்டாளா? அன்றி, அவளுக்காகப் பிறர் விரும்பினரா?" என்பதாம். அடியார் வரலாறுகளும் இவ்வினாவுக்கு உட்பட்டு நெடுநாளாயிற்று. 1989-ஆம் ஆண்டு 'மானுஷி' என்னும் இதழில் உமா சக்கரவர்த்தியார் தென்னாட்டுப் பத்தி நெறி மகளிரைக் குறித்து வரைந்த கட்டுரையில், ஆடவர் அடியாராதற்கு இல்லறம் தடையாகாதிருக்க, மகளிர் அடியாராதற்கு மட்டும் உடலும் மணமும் கடக்கற்பாலனவாய் நிற்றலை எடுத்துக்காட்டினார். 1997-இல் வெளிவந்த விஜயா ராமசுவாமியார் நூலும் தென்னாட்டு மகளிரின் ஞான வாழ்வையும் அவர் வாழ்ந்த சமூகத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே. காரைக்காலம்மையார் பாடல்களையும் அவர்க்குப் பின்வந்த வரலாற்றையும் வெவ்வேறாகப் பிரித்து நோக்குதல் வேண்டும் என 2012-இல் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தினார் காரென் பெச்சிலிஸ் என்னும் அமெரிக்க ஆசிரியை. நம்மவருட் பலர் இவற்றைப் படியாமலே வெகுள்வர். படித்தவருட் சிலர், மேல்நாட்டு அளவுகோலால் நம் திருமுறைகளை அளத்தல் தகாது என ஒரே சொல்லால் ஒதுக்குவர். இவ்விரண்டும் ஆராய்ச்சி ஆகா. "அவள் விரும்பினாளா?" என்னும் வினா மேல்நாட்டிலிருந்து வந்ததன்று என்பதும், சேக்கிழார் பெருமானே அதனை அறிந்து எழுப்பியுள்ளார் என்பதும் அடியேன் கருத்து. அதனை நூலகத்தே காண்போம்.

தனியடியார் வரிசையில் முதற்கண் நிற்பவர் திருநீலகண்டக் குயவனார்; அவரை அடுத்து நிற்பவர் இயற்பகையார். திருத்தொண்டத்தொகை வகுத்த வரிசை இது. சேக்கிழார் அதனையே பின்பற்றினார். இவ்விரு புராணங்களையும் அடுத்தடுத்துப் படித்தவர் பலரேனும், அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் படித்தவர் சிலரே எனத் தோன்றுகிறது.

தில்லைக் குயவனார் பரத்தைபாற் சென்று மீண்டார். அவர்தம் மனைவியார் இல்லறத்துக்குரிய பணிகளில் ஒன்றையும் குறைத்திலர். ஆயினும் உடனுறைதற்கு இசைந்திலர். கணவனார் இரந்து அணுகியபொழுது, எம்மைத் தீண்டற்க எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். 'என்னை' என்னாது 'எம்மை' என்றமையால், அவ்வொரு பன்மைச் சொல்லையே பற்றிக்கொண்டு, பிற மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதி பூண்டார் நாயனார். இருவரும் ஒரே மனையில் அயலறியாது வாழ்ந்து முதுமையெய்தினர். பின்னர் இறைவன் சிவயோகியாய் வந்து ஓடு கொடுத்து, அதனை மறைத்து, "மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுறவு செய்" எனத் தில்லைவாழந்தணர் அவையில் வழக்கிட்டபொழுதும், அவ்வாணை மீறப்படவில்லை. மூங்கிற்கழி ஒன்றின் ஒரு தலையைத் தாமும் மற்றொரு தலையை மனைவியாரும் பற்றியே மூழ்கப் புகுந்தனர். அதுபற்றியே முன்னிகழ்ந்தது முழுதும் அவையறியச் சொல்ல நேர்ந்தது.

இதில் நம் விரிவுரையாளர் (அடியேனும் உட்பட) பெரிதும் எடுத்தோதுவது நாயனாரது புலனடக்கமே. அது பெரிதே. ஆயினும் அவ்வடக்கத்துக்கு முதலாய் நின்றது யாது? ஒரு பெண் 'வேண்டா' என்றது. தனியடியார் வரலாறுகளுள் முதலாவது, ஒரு மனைவியின் மறுப்பின்மேல் எழுந்த கோயில் ஆகும். அம்மறுப்பைக் கணவர் மீறவில்லை. அவையோர் மீறச் சொல்லவில்லை. வழக்கிட வந்த இறைவனும் அதனை நீக்குக என அவ்வம்மையாரிடம் கேட்கவில்லை. இளமை மீண்டபொழுதும் இருவர்க்கும் ஒப்பவே மீண்டது. பெரியபுராணத்து மனைவியர் கணவர் ஏவலின் நிழலே எனக் கூறும் ஆராய்ச்சியாளர் இப்புராணத்தை எங்கே வைப்பர்? அற்றேல், அம்மறுப்பும் இல்லறத்தின் எல்லைக்குள் நின்றதன்றோ, அவ்வம்மையாருக்குப் பெயரும் தரப்படவில்லையே எனின், அது மெய், மறுத்தற்கில்லை.

இனி, அடுத்த புராணத்துக்கு வருவோம். பூம்புகார் வணிகரான இயற்பகையார்பால் இறைவன் வேதியராய் வந்து, அவர் மனைவியாரைத் தருக என்றார். இயற்பகையார் மகிழ்ந்து உட்சென்று, உன்னை இவர்க்குக் கொடுத்துவிட்டேன் என மனைவியாரிடம் அறிவித்தார். இங்குச் சேக்கிழார் செய்துள்ளது மிக நுண்ணியது. அம்மையார் உடனே இசைந்தார் எனக் கூறிவிட்டு அவர் மேற்செல்லவில்லை. முதற்கண் அவர் கலங்கினார் என்கிறார். பின்னர் மனந்தெளிந்தார் என்கிறார். அதன்பின்னரே விடை வருகிறது. அவ்விடையில் 'உரிமை' என்னும் சொல்லை அம்மையார் வாயிலேயே வைக்கிறார்: நீர் சொன்னதைச் செய்வதன்றி எனக்கு வேறு உரிமை உண்டோ என்பது அதன் பொருள். பின்னர் வேதியரை வணங்கி, அவர் திகைத்து நின்றதாகவும் பாடுகின்றார். அதே இடத்தில் அவரைத் திருமகளினும் பெரியவர் எனவும் போற்றுகின்றார்.

திகைப்பு எற்றுக்கு? தாமே விரும்பி மேற்கொண்ட செயலில் திகைப்பு இராது. கவிஞர் பெருமான் இச்சொல்லை வீணே பெய்யார். அம்மையார் கூறியது இசைவு அன்று, கீழ்ப்படிதலே எனப் பெண்ணிய ஆராய்ச்சியாளர் கூறுவராயின், அவர்க்குச் சான்று தருபவர் சேக்கிழாரே. இன்னும் ஒன்று. உறவினர் வாளும் வேலும் ஏந்தி மறித்தனரன்றோ? அவர் உரைத்தவை யாவும் நாட்டார் பழிப்பர், பகைவர் நகுவர் என்னும் குலப்பழி பற்றியனவே. "மகளே, உன் கருத்து யாது?" என அவருள் ஒருவரும் கேட்டிலர். கொடுத்த கணவரும் கேட்கவில்லை. தடுத்த சுற்றமும் கேட்கவில்லை. பெண்ணின் பொருட்டுப் போர் செய்வார் இரு திறத்தாரும் பெண்ணைக் கேளாதிருத்தல் இன்றும் அரசியல் மேடைகளிலும் வழக்கு மன்றங்களிலும் காணும் காட்சியே.

ஆயினும் அவ்வம்மையார் அத்திகைப்பிலேயே நின்றுவிடவில்லை. சுற்றத்தார் வளைந்தபொழுது அஞ்சியவர் போல வேதியர் அவர் முகம் நோக்க, "அஞ்ச வேண்டா, இயற்பகை வெல்வார்" என அவரே தேற்றுகின்றார். கலங்கி, தெளிந்து, திகைத்து, பின் தேற்றுபவர் ஆகின்றார். ஓர் உயிரின் இச்சை படிப்படியே ஒரு செயலுக்கு உரியதாவதை இதனினும் நேர்மையாகக் காட்டுதல் அரிது. இதனை 'முழு விருப்பம்' எனச் சைவர் சொல்லுதலும், 'வெறும் அடிமைத்தனம்' எனப் பிறர் சொல்லுதலும் நூலைப் படியாமையின் விளைவே என்க.

இதனைச் சித்தாந்த முறையாற் சிறிது ஆராய்வோம். சிவஞானபோதத்து முதற் சூத்திரம் ஆண், பெண், அஃது எனப் பகுத்துக் கூறுவது உலகத்தை, உயிரையன்று. ஆண்மையும் பெண்மையும் மாயேயமாகிய உடம்பிற் கிடப்பன. உயிரோ இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உடையது. அவ்வாற்றல்களை ஆணவம் மறைத்து நிற்ப, கலை கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் விளக்குகின்றன. பெண்ணுடம்பு எடுத்த உயிர்க்கு அராகம் இல்லை என்றோ, அவ்வுயிர்க்குரிய இச்சை அதன் கணவன்பால் வைக்கப்பட்டுள்ளது என்றோ எந்தச் சாத்திரமும் கூறிற்றிலது. ஆகவே, "உயிருக்கு ஆண் பெண் இல்லை" என்னும் கொள்கை அன்று அடியேன் பயன்படுத்தியதுபோல வினாவை அடைத்தற்குக் கருவியன்று. அவ்வினாவைத் திறப்பதே அதுவாம். பால்வேற்றுமை உயிர்க்கு இல்லையெனின், "அவள் விரும்பினாளா?" என்பது "அவ்வுயிர் விரும்பிற்றா?" என்பதேயாகும். பின்னும், உயிர்கள் அனைத்தும் ஆண்டானுக்கு அடிமை என்பது நம் துணிபு. ஓரடிமை மற்றோர் அடிமையைத் தன் உடைமையாகக் கொண்டு தானம் செய்தல் எங்ஙனம் கூடும்? இயற்பகையார் கொடுத்தது தம் பற்றினையே. அம்மையாரைக் கொடுத்தற்கு உரியவர் அம்மையார் ஒருவரே. சேக்கிழார் அக்கலக்கத்தையும் தெளிவையும் இடையே வைத்தமைக்கு வேறு காரணம் அடியேனுக்குப் புலப்படவில்லை.

காரைக்காலம்மையார் திறத்துப் பெச்சிலிஸ் அம்மையார் கூற்று நம்மவர் கேட்கற்பாலது. அம்மையார் அருளிய அற்புதத் திருவந்தாதியிலும், திருவிரட்டை மணிமாலையிலும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களிலும் கணவன் இல்லை, மாங்கனி இல்லை, மனை இல்லை. பிறந்து மொழி பயின்ற நாள்தொட்டு எழுந்த காதலும், காரைக்காற் பேய் எனத் தம்மைத் தாமே சுட்டும் துணிவுமே உள்ளன. புனிதவதியார், பரமதத்தன் என்னும் பெயர்களோடு நாம் அறியும் வரலாறு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் 66 பாடல்களால் சேக்கிழார் விரித்தது. அங்கே கணவன் அஞ்சி நீங்கி, வேறு மணம் புரிந்து, காலில் விழுந்த பின்னரே அம்மையார் தம் இச்சையை வெளியிடுகின்றார். இவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டா என்பதே அவர் வேண்டுகோளின் கருத்து. அழகு கணவனுக்காக வைத்த அடைக்கலப் பொருள் என்னும் எண்ணம் புராணத்தினுடையது. பாடல்களில் அஃது இல்லை. பதினோராந் திருமுறையில் அம்மையாரது சொல்லே நம் கையில் இருக்கவும், பன்னிரண்டாந் திருமுறை வழியாக மட்டுமே அவரை அறிதல் நம் பழக்கமாயிற்று. அம்மையாரை அம்மையார் வாயிலாகவே முதலிற் கேட்டல் வேண்டும் என ஒருவர் கூறின், அதில் வெகுளத்தக்கது யாதுளது?

ஆனால், அம்மையார் பேய்வடிவு வேண்டியதனை உடலை வெறுத்த செயல், பெண்மையை ஒறுத்துக்கொண்ட செயல் என விளக்குவாரோடு அடியேன் உடன்படேன். அவர் வெறுப்பினாற் பாடியிருப்பின், ஆலங்காட்டுப் பெண்பேயின் கண்ணையும் பல்லையும் நரம்பையும் மார்பையும் அத்துணை உற்று நோக்கியிரார். அச்சுடுகாட்டிடையே துத்தம் முதலிய ஏழிசையையும் கருவிகளையும் பெயர் சொல்லி எண்ணியிரார். அழகு எனப் பிறர் வகுத்ததினின்று நீங்கி, இறைவன் ஆடும் இடத்திற்கு ஏற்றதோர் உடம்பை அவர் வேண்டினார். உடம்பே வேண்டா என்றாரல்லர். இன்ன உடம்பு வேண்டும் என்றார். இதனிற் பெரிய தேர்வு யாதென அறியேன். இறைவன் அவரை 'அம்மை' என அழைத்ததும் அவ்வுடம்போடு வந்த நிலையிலேயே.

மங்கையர்க்கரசியார் வரலாற்றில் இவ்வினா வேறோர் உருவங் கொள்கிறது. ஈண்டு அரசியல் புகுகின்றது. இவர்க்கெனத் தனியே அமைந்த புராணம் 3 பாடல்களே, இசைஞானியார்க்கு ஒன்றே. மங்கையர்க்கரசியார் செயல் அனைத்தும் ஞானசம்பந்தர் புராணத்துள் அடங்கிக் கிடக்கின்றது. கணவன் சமணம் சார்ந்தான், அரசும் அவ்வழிப்பட்டது. தேவியாரோ தம் நெறியை விட்டிலர். அமைச்சர் குலச்சிறையாரோடு கலந்து மறைக்காட்டுக்கு ஏவலரைப் போக்கிப் பிள்ளையாரை வருவித்தார். 'கொழுநன் கொண்ட தெய்வமே மனைவிக்குத் தெய்வம்' எனக் கற்புக்கு இலக்கணம் கூறுவார் இத்தேவியாரை எவ்வாறு போற்றுவர்? போற்றுகின்றனரே! ஆகவே கணவன் சமயத்தினின்று வேறுபட்டு நின்ற மனைவியின் மனத்துணிவை நம் மரபு ஏற்று வணங்கியிருக்கின்றது. ஞானசம்பந்தரே ஆலவாய்ப் பதிகத்தில் அவரையும் குலச்சிறையாரையும் மாறி மாறிப் புகழ்ந்துள்ளார். இதனை ஏற்றுக்கொண்டு, இன்று சைவ மனையிற் பிறந்த மகள் கணவன் வீட்டார் சமயத்தை மறுத்தால் போற்றுவதும், அவளே நம் சமயத்தை மறுத்தால் இகழ்வதும் நேர்மையாகா.

மற்றொரு பக்கமும் உளது. பெண்ணின் தேர்வு எனப் புகழ்வார் அத்தேர்வின் பயனையும் நோக்குதல் வேண்டும். தேவியார் தொடங்கிய செயல் அனல்வாதம், புனல்வாதம் வழியே எண்ணாயிரவர் கழுவேற்றத்தில் முடிந்ததாகச் சேக்கிழார் பாடுகின்றார். ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் அதனைக் கூறிற்றிலர். நிகழ்ந்ததோ அன்றோ என்னும் ஆராய்ச்சி வேறு. புராணத்தின் அளவில் நோக்கினும், அரசுரிமையோடு கூடிய ஒருவர் இச்சை, ஆணுடையதாயினும் பெண்ணுடையதாயினும், பிறர் உயிர்மேற் சென்று படுகின்றது. தேவியார் பெண் என்பது பற்றி அவ்வினாவினின்று அவரை விலக்குதல் அவரைப் பெருமைப்படுத்துவதாகாது.

இனி, மாணவியார் வினாவுக்கு வருவோம். கண்ணப்பர் தம் கண்ணையே இடந்தார். மூர்த்தியார் தம் முழங்கையையே தேய்த்தார். கணம்புல்லர் தம் தலைமயிரையே எரித்தார். இவர்கள் அளித்தன தம்முடையன. கலிக்கம்பர், பழைய ஏவலாளர் அடியார் வேடத்தோடு வந்தபொழுது நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையைத் தடிந்தார். கழற்சிங்கரது பட்டத்துத் தேவியார் ஆரூரில் பூமண்டபத்தின் அயலே வீழ்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து மோந்தார். செருத்துணையார் மூக்கை அரிந்தார். காரணம் கேட்ட அரசர், பூவை முதலில் எடுத்தது கையன்றோ என அதனையும் துணித்தார். இங்கு அளிக்கப்பட்டவை பிறருடையன. முன்னோர் மூவர்க்கும் இவ்விருவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே. அன்பின் உறைப்பு ஒன்றே என்பர். ஒன்றாயினும், அதற்கு விலை கொடுத்தவர் வேறு.

கலிக்கம்பர் மனைவியாரது தயக்கத்துக்கேனும் சேக்கிழார் ஒரு காரணம் காட்டினார்: இவர் நம் பழைய ஏவலாளர் அன்றோ என்னும் எண்ணம். அத்தேவியாருக்கோ ஒரு சொல்லும் இல்லை. பூ அயலே வீழ்ந்தது என்பதை மறையாது கூறிய புலவர், அவர் பின் எய்திய நிலையைக் கூறிற்றிலர். பூமழை பொழிந்தது, அரசர் பன்னாள் தொண்டு செய்து சிவனடி சேர்ந்தார். தேவியார் கை மீண்டும் வளர்ந்தது எனச் சிலர் மேடையில் உரைப்பதுண்டு. அஃது உரைப்பார் இரக்கமேயன்றி நூலில் உள்ளதன்று. இயற்பகையார் மனைவியார்க்கும் கணவரோடொப்பச் சிவப்பேறு கூறியவர், திருநீலகண்டர் மனைவியார்க்கும் இளமை மீட்டுத் தந்தவர், இவ்விடத்து மௌனம் சாதித்தார். சுந்தரர் தொகையில் கழற்சிங்கரும் செருத்துணையாரும் உளர், தேவியார் இலர்.

சாத்திரத்திலும் இத்தகையதோர் இடம் உண்டு. சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்தில், நிர்ப்பீச தீக்கைக்கு உரியாரைக் கூறுமிடத்துப் பாலர், முதியர், பிணியாளர் முதலியோருடன் மகளிரும் எண்ணப்பட்டனர். சமய ஒழுக்கங்களை வழுவாது ஆற்றுதல் இயலாதார்க்கு அவற்றினின்று விடுதலை தந்து, வீட்டையும் தருவது அத்தீக்கை; ஆகவே இதில் அருளே உளது, இழிவில்லை என ஆசிரியன்மார் விளக்குவர். அது தக்கதே. ஆயினும் அவ்வரிசைக்குக் காரணம் ஆற்றாமையே எனின், ஆற்றுவார்க்கு அக்காரணம் செல்லாது. பாலர் வளர்வர், பிணியாளர் நலம் பெறுவர், மகளிரை மட்டும் என்றும் அவ்வரிசையிலேயே நிறுத்துவது எதன்பொருட்டு? திருவதிகையில் வாழ்நாள் முழுதும் திருவலகும் திருமெழுக்கும் இட்டு, நாவரசரைச் சைவத்துக்கு மீட்டுத் திருநீறளித்த திலகவதியார் ஒழுக்கம் ஆற்றாதவரா? (அவரும் அறுபத்துமூவருள் எண்ணப்படவில்லை என்பது தனியே நினைக்கத்தக்கது.) ஆதீனங்களும் ஆசாரியர்களும் இதனை ஆராய்ந்து தெளிவித்தல் வேண்டும் என்பது அடியேன் விண்ணப்பம்.

கழற்சிங்கரை அடுத்து இடங்கழியார். அவரை அடுத்துச் செருத்துணையார். ஆகவே அவ்விரிவுரைத் தொடரில் அதே நிகழ்ச்சி மீண்டும் எதிர்ப்பட்டது. இம்முறை வாளெடுத்தவர் பக்கத்திலிருந்து. அன்று புராணம் கூறி முடித்தபின், "அத்தேவியார் பின்னர் என்ன ஆயினார் எனச் சென்ற முறை ஒருவர் வினவினார்; அதற்கு விடை நூலில் இல்லை; அன்று அடியேன் கூறியது விடையன்று" என அவையில் அறிவித்தேன். முதியவர் ஒருவர் மேலாடையை உதறித் தோளிலிட்டு எழுந்து சென்றார். மாணவியார் கையேட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பின்னர்த் தீபாராதனைக்கு மணி ஒலித்தது, அனைவரும் எழுந்தோம்.